கேட் ஆறரைக்கு, ஸ்க்ரிம் ஏழு மணிக்கு

ஒரு சின்ன டெஸ்ட். கூகுள் பண்ணாம பதில் சொல்லணும். வீடியோ கேம் விளையாடிப் பேர் வாங்கின இந்தியப் பசங்க மூணு பேரைச் சொல்லுங்க. மார்ட்டல், ஜோனாதன், ஸ்கவுட்னு மூச்சு விடாம சொல்லியிருப்பீங்க. இப்போ பொண்ணுங்க மூணு பேர். பாயல் கேமிங்... அப்புறம்? சரி, இன்னும் கொஞ்சம் கஷ்டமான கேள்வி. தமிழ்நாட்டுல இருந்து ஒரே ஒரு பொண்ணு பேர் சொல்லுங்க. ஸ்ட்ரீம் பண்றவங்க இல்ல. ஒரு டீமோட ஜெர்சி போட்டு, போட்டியில விளையாடி, அதுக்காகவே மாசச் சம்பளம் வாங்குறவங்க.

இந்த இடத்துல வர்ற அமைதியைப் பத்தித்தான் எழுத வந்தேன்.

அந்த அமைதிக்கு நம்ம கேம்பஸ்ல ரெண்டு விளக்கம் ரெடியா இருக்கு. ஒண்ணு, "பொண்ணுங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லப்பா." இன்னொண்ணு, கொஞ்சம் சயின்டிஃபிக்கா, "ரிஃப்ளெக்ஸ் பத்தாது." சிம்போசியம் வேலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டையும் என் காதால கேட்டுட்டேன். ரெண்டாவதை மொதல்ல முடிச்சிடலாம். அது சுலபம்.

2016-ஆம் ஆண்டு. ஓவர்வாட்ச் கேம் வெளிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தென் கொரியாவில் கிம் செ-யோன் என்று ஒரு பெண், வயது 17. கேமில் அவர் பெயர் கெகுரி. கொரிய மொழியில் தவளைக்கான சொல்லில் இருந்து வந்த பெயர். ஸார்யா என்ற கேரக்டரை வைத்து விளையாடுவார். ஸார்யாவோட ஆயுதம் ஒரு ஒளிக்கற்றை மாதிரி. ஓடுற எதிரி மேலேயே அதை விடாம பிடிச்சு வெச்சிருக்கணும். கை கொஞ்சம் நடுங்கினாலும் போச்சு. அதை வெச்சுக்கிட்டு அவங்க ஜெயிச்ச விகிதம் ஏறக்குறைய 80 சதவீதம். ஒரு போட்டியில தோத்த எதிரணிக்காரங்க உடனே ஒரு முடிவுக்கு வந்தாங்க: இது மனுஷக் கை இல்ல, ஹேக். "ஹேக் இல்லைன்னா நாங்க விளையாடுறதையே விட்டுடறோம்"னு கூட சொன்னாங்க.

பிளிஸார்ட் நிறுவனம் பார்த்துட்டு ஹேக் எதுவும் இல்லைன்னு சொல்லியாச்சு. அதோட முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியல. அந்தப் பொண்ணு ஒரு ஸ்டுடியோவுக்கு வந்து, கையையும் மவுஸையும் ஒரு கேமரா காட்ட, ஊரே நேரலையில பார்க்க உட்கார்ந்து விளையாடிக் காட்டினாங்க. அதே துல்லியம். குற்றம் சொன்னவங்கள்ல ரெண்டு பேர் சொன்னபடி விளையாட்டை விட்டுப் போனாங்க. 2018-ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி கெகுரியை எடுத்தது; ஓவர்வாட்ச் லீகில் ஒப்பந்தமான முதல் பெண் அவர்தான். அந்த சீசனில் அந்த அணி விளையாடிய 40 ஆட்டங்களிலும் தோற்றது என்பது தனிக் கதை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் அணிக்கு முதல் வெற்றியே வந்தது. அதே 2019-ல் டைம் பத்திரிகையின் அடுத்த தலைமுறைத் தலைவர்கள் பட்டியலில் கெகுரியும் இருந்தார்.

ரிஃப்ளெக்ஸ் இருந்துச்சு. அவ்வளவு இருந்ததாலதான் அது திருட்டு மாதிரி தெரிஞ்சுது. ஒரு பையன் அதே மாதிரி அடிச்சிருந்தா "என்னா எய்ம்டா"ன்னு கிளிப் போட்டிருப்பாங்க.

அதே 2019 நவம்பரில், அமெரிக்காவின் பிளிஸ்கான் மேடையில், ஹார்த்ஸ்டோன் கிராண்ட்மாஸ்டர்ஸ் உலக இறுதி ஆட்டம். சீனாவின் லி ஷியாவோமெங், எதிராளியை 3-0 என்று முடித்து 2,00,000 டாலர் பரிசை வாங்கினார். பிளிஸ்கானில் உலக சாம்பியன் பட்டம் வென்ற முதல் பெண். சில வருஷம் முன்னாடி ஒரு போட்டிக்கு வரிசையில நின்னப்போ, "பொண்ணு நீ, இந்த வரிசை உனக்கு இல்ல"ங்கிற அர்த்தத்துல பின்னாடி இருந்த ஒருத்தர் சொன்னதை, கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டே அவங்க மேடையில சொன்னாங்க. ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டம் மாதிரி, யோசிச்சு ஆடுறது. ஆக, கை வேகம் வேணுங்கிற கேமும் பார்த்தாச்சு, மூளை வேணுங்கிற கேமும் பார்த்தாச்சு.

நாமெல்லாம் எஞ்சினியர்கள் ஆகப்போறவங்க, ஒரு சின்னக் கணக்கும் போட்டுடுவோம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ்னா 6.9. பிங் 20-க்கும் 80-க்கும் நடுவுல 60 மில்லிசெகண்ட். வேலரண்ட் சர்வர் இருக்கிறது மும்பையில. நல்ல ஃபைபர் லைன்ல உட்கார்ந்திருக்கிறவனும், மூணு பேருக்கு ஹாட்ஸ்பாட் போட்ட ஒரே ஒரு சிம்முல ஆடுறவளும் ஒரே கேம் ஆடல. ரிஃப்ளெக்ஸ் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, யார் எந்த மெஷின்ல, எந்த லைன்ல ஆடுறாங்கன்னு கேளுங்க.

சரி, இப்போ அந்த முதல் விளக்கம். இன்ட்ரெஸ்ட் இல்லையாம்.

ஸ்க்ரிம்னா என்னன்னு தெரியாத ஜூனியர்ஸுக்கு: ஒரு டீம் இன்னொரு டீமோட பேசி வெச்சு ஆடுற பயிற்சி ஆட்டம். தனியா ரேங்க் ஏத்துறது வேற, இது வேற. அஞ்சு பேரும் ஒரே நேரத்துல, ஒரே லாபியில, காதுல ஹெட்செட்டோட இருக்கணும். ஒரு மேப் ஆடி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். மூணு மேப் ஆடணும். அப்புறம் ரெக்கார்டிங்கைப் போட்டு எங்க சொதப்பினோம்னு பார்க்கணும். இதுக்கெல்லாம் முன்னாடி தனியா எய்ம் பயிற்சி. எதிர் டீம்லயும் படிக்கிறவங்க, வேலைக்குப் போறவங்கதான் இருப்பாங்கங்கிறதால எல்லாமே சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும். ப்ரோ ஆகணும்னா இதை வாரத்துல ஒரு நாள் இல்ல, அஞ்சாறு நாள் பண்ணணும். வருஷக்கணக்குல பண்ணணும்.

ஆக இந்தத் தொழிலோட மூலப்பொருள் திறமைன்னு நான் நம்பல. திறமை எல்லா ஊர்லயும் கிடக்கு. மூலப்பொருள், யாரும் நடுவுல கூப்பிடாத மூணு மணி நேரம்.

அந்த மூணு மணி நேரம் யார்கிட்ட இருக்கு? மத்திய அரசு 2024-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இதுல வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் கணக்குலயே வரல, கவனிங்க. கழிச்சுப் பாருங்க: 201 நிமிஷம். மூணு மணி இருபத்தோரு நிமிஷம். மூணு மேப் ஸ்க்ரிமும் ரெக்கார்டிங் பார்க்கிறதும் கச்சிதமா உள்ள அடங்கும். வருஷத்துக்குப் பெருக்கினா 1,200 மணி நேரத்துக்கு மேல வரும். சராசரிங்கிறது எல்லா வீட்டையும் சொல்லாது, ஒத்துக்கிறேன். ஆனா உங்க வீட்டுல ராத்திரி ஏழு மணிக்கு யார் கையில கன்ட்ரோலர் இருக்கு, யார் கையில கரண்டி இருக்குன்னு நீங்களே ஒரு நிமிஷம் யோசிங்க.

எங்க ஊரை வெச்சே சொல்றேன். மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரிக்குப் போனவங்க எல்லாரும் பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்திருப்பீங்க, கண்ணைக் கூசுற வெள்ளைல பாத்தி பாத்தியா உப்பளம், ஓரத்துல கீத்து போட்டு மூடின குவியல். போட்டோ எடுத்துட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடுவீங்க. எங்க ஆயா அந்த அளத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தாங்க. வெயில் ஏறினா நிக்க முடியாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். ஆம்பளைங்க பலகை போட்டு உப்பை வாருவாங்க. பொம்பளைங்க அதைக் கூடையில அள்ளித் தலையில சுமந்து குவியல்ல கொண்டு கொட்டுவாங்க. வாருறவருக்கு ஒரு கூலி, சுமக்கிறவங்களுக்கு அதைவிடக் குறைஞ்ச கூலி. ஏன்னு கேட்டா, வாருறது நுணுக்கம் தெரிஞ்ச வேலை, சுமக்கிறது சும்மா வேலைன்னு பதில் வரும். ஈர உப்பு ஒரு கூடை தலையில ஏத்தி, வழுக்குற வரப்புல ஒரு நடை நடந்து பார்த்துட்டு அது சும்மா வேலையான்னு சொல்லுங்க.

நம்ம கேமிங் பாஷையில டீமையே தூக்கி நிறுத்துறவனுக்குப் பேரு 'கேரி'. சுமக்கிறவன். அவனுக்குத்தான் கைத்தட்டல், அவனுக்குத்தான் எம்விபி. அதே டீம்ல ஒரு பொண்ணு சேர்ந்தா அவளுக்குக் கொடுக்கிற ரோல் என்ன? ஹீலர். "நீ சேஜ் எடுத்துக்கோ, பின்னாடியே வா." நான் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து சேஜ் எடுத்திருக்கேன், பிடிச்சு எடுத்ததில்ல, எனக்குன்னு மிச்சம் வெச்சது அதுதான். சப்போர்ட் ரோல் மட்டமான ரோல் இல்ல. ஆனா யாருக்கு எதுன்னு ஆள் முகத்தைப் பார்த்து முடிவு பண்றது இருக்கே, அது எங்க அளத்துல பார்த்த கணக்குதான்.

ஊர்ல எங்க சித்தி பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. பிஜிஎம்ஐ அவ ஆடுறதை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். போனை அசைச்சு அசைச்சே ரீகாயிலைக் கட்டுப்படுத்துறா, கைரோவை யாரும் சொல்லித் தரல. ஆடுறது சித்தியோட போன்ல. சித்தி வேலை முடிஞ்சு வந்து, எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, போன்ல சார்ஜ் மிச்சம் இருந்தா ஒரு மேட்ச். அவ அண்ணனுக்குச் சொந்த போன் இருக்கு. அவன் ஃப்ரெண்ட்ஸோட ரோட்டோரக் கல்வெர்ட் மேல உட்கார்ந்து பதினோரு மணி வரைக்கும் ஆடுவான். அந்தக் கல்வெர்ட்லதான் எங்க ஏரியாவுக்கு நல்ல சிக்னல். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பொண்ணு அங்க போய் உட்கார முடியுமா? இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ல யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க.

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தானே பயன்படுத்தும் மொபைல் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். இந்தியாவில் ஈஸ்போர்ட்ஸ் என்பதே பெரும்பாலும் மொபைலில்தான் வளர்ந்தது. அப்போ பாதிப் பேர் ஆரம்பக் கோட்டுக்கே வரல. அப்புறம் "ஏன் யாரும் ஓடல"ன்னு கேக்கறோம்.

வீட்டுல பெரியவங்களைத் திட்டிட்டு நகர்ந்துடலாம்னு நினைக்காதீங்க. அவங்க பயத்துல ஒரு நியாயம் இருக்கு, முக்கியமா எங்க ஊர் மாதிரி இடத்துல. உப்புங்கிறது நிச்சயமில்லாத தொழில். ஒரு ராத்திரி மழை பெஞ்சா பாத்தியில இருக்கிறது கரைஞ்சிடும். ஐப்பசி, கார்த்திகையில அளத்துல வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் எங்க பக்கம் கரையேறினப்போ அளம் எது, ஏரி எதுன்னு தெரியல. அப்படி வாழ்ந்தவங்க பிள்ளைங்க படிச்சா போதும், மாசம் பொறந்தா சம்பளம் வரணும்னு நினைக்கிறது தப்பா? ஈஸ்போர்ட்ஸும் அதே மாதிரி ஒரு பாத்திதானே. பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021-ல் பிஜிஎம்ஐ-யாக வந்தது. 2022 ஜூலையில் மறுபடி மறைந்தது. 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. நடுவுல பத்து மாசம், அதையே தொழிலா நம்பினவங்க என்ன பண்ணியிருப்பாங்க?

இன்னொரு குழப்பமும் இருக்கு. "கேம்"னு சொன்னாலே எங்க சித்திக்கு ஞாபகம் வர்றது ஆன்லைன் ரம்மி. கடன் வாங்கி ஆடித் தற்கொலை பண்ணிக்கிட்ட செய்திகளைப் பார்த்தவங்க. அதுக்காகத்தான் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டமே போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இந்தக் கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது: பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை, ஈஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம். அதுக்கு முன்னாடியே, 2022 டிசம்பரில், ஈஸ்போர்ட்ஸ் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வந்தாச்சு. உங்க வீட்டுல இதைப் பேசுறப்போ இந்த ரெண்டு வருஷத்தையும் சொல்லுங்க. நான் சொன்னேன். சித்தி முழுசா நம்பல, ஆனா போனைப் பிடுங்கல.

இப்போ பாயல் கேமிங் பக்கம் வருவோம், ஏன்னா "அவங்க வரலையா"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. பாயல் தாரே, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கத்தவர். பெரிய நகரத்துப் பொண்ணு இல்ல. 2024 ஏப்ரலில் பிரதமர் ஏழு கேமர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த ஏழு பேரில் பெண் இவர் ஒருவர்தான். அதே வருஷம் சிறந்த மொபைல் ஸ்ட்ரீமருக்கான மொபீஸ் விருதும் வாங்கினார். எனக்கு அவங்களைப் பிடிக்கும். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. இந்தியாவுல கேமிங்ல மேல வந்த பொண்ணுங்கன்னு நாம சொல்ற பேர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரீமிங், கன்டென்ட் பக்கம்தான். அது ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது இது: ஸ்ட்ரீம் ஆரம்பிக்க யார் அனுமதியும் வேண்டாம், உங்களுக்குக் கிடைக்கிற நேரத்துல நீங்க லைவ் போகலாம். டீமுக்கு அப்படி இல்ல. நாலு பேர் உங்களைச் சேர்த்துக்கணும், அவங்க நேரத்துக்கு நீங்க இருக்கணும். கதவு யார் கையில இருக்குங்கிறதுதான் வித்தியாசம். ஸ்ட்ரீமிங்ல ஜெயிக்கிறது சின்ன விஷயம் இல்ல, ஆனா அது வேற தொழில். கிரிக்கெட் கமென்டேட்டர் பெரிய ஆளா இருக்கலாம். அதனால டீம்ல இடம் கிடைச்சுதுன்னு ஆகாது.

அப்போ பெண்களுக்குத் தனிப் போட்டி வெச்சா? இதுல நம்ம கேம்பஸே ரெண்டா நிக்குது. "கேம்ல என்னய்யா பொண்ணு பையன், தனி கேட்டகரி எதுக்கு, அதுவே அவமானம்"னு ஒரு கட்சி. எனக்கும் ரொம்ப நாள் அப்படித் தோணுச்சு. மனசை மாத்தினது செஸ்.

செஸ்ல கை பலம் தேவையில்ல, உயரம் தேவையில்ல. இருந்தும் பெண்களுக்குத் தனிப் பட்டமும் தனிப் போட்டியும் இருக்கு, பொதுப் போட்டியிலும் ஆடலாம். சென்னையின் எஸ். விஜயலட்சுமி 2001-ல் இந்தியாவின் முதல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே சென்னையின் வைஷாலி 2023 டிசம்பரில் பொது கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே எட்டினார். இந்தியப் பெண்களில் அவர் மூன்றாவது. ரெண்டுக்கும் நடுவுல 22 வருஷம். நடுவுல எத்தனை பொண்ணுங்க பெண்கள் போட்டிகள்ல ஆடி, பரிசுப் பணத்துல டிக்கெட் போட்டு, அடுத்த போட்டிக்குப் போயிருப்பாங்க. தனிப் பிரிவு இல்லைன்னா அவங்களுக்கெல்லாம் ஆடுறதுக்குக் காரணமே இருந்திருக்காது. இன்னொரு அழகான விஷயம், வைஷாலி வீட்டுல செஸ் மொதல்ல கத்துக்கிட்டது அவங்கதான். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா வந்தார். அந்த வீட்டுல போர்டு அக்காவுக்கும் இருந்துச்சு. (2025-ல் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு கேம். அதனால நான் டாபிக் மாறிட்டேன்னு சொல்ல முடியாது.)

கேரமும் சொல்லியாகணும். வடசென்னையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். பயிற்சி கொடுத்தது அவங்க அப்பாவே. தெருமுனையில பசங்க மட்டும் சுத்தி நின்னு ஆடுற ஆட்டம்னு நாம நினைச்ச கேரம். அந்த அப்பா காசு எதுவும் பெருசா கொடுத்திருக்க முடியாது. பலகை முன்னாடி ஒரு இடமும் ஆடுறதுக்கு நேரமும் கொடுத்தார்.

கேமிங்லயும் இந்த முயற்சி நடக்குது. ரயட் நிறுவனம் 2021-ல் வேலரண்ட் கேம் சேஞ்சர்ஸ் ஆரம்பித்தது. 2022-ல் பெர்லினில் நடந்த அதன் முதல் உலக சாம்பியன்ஷிப்பை ஜி2 கோசென் அணி வென்றது. 2024-ல் ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் பெண்கள் போட்டிக்கு 5,00,000 டாலர் பரிசு. பிலிப்பைன்ஸின் ஒமேகா எம்ப்ரெஸ் அணி தட்டிக்கொண்டு போனது. மொபைல் கேம், நம்ம மாதிரியே ஒரு ஆசிய நாடு. இது நமக்கு எட்டாத தூரம் இல்ல. ஆனா இந்தக் கதவுகள் ஸ்பான்சர் காசுல நிக்கிற கதவுகள். கவுன்டர் ஸ்ட்ரைக்ல பெண்களுக்காக 2022-ல ஆரம்பிச்ச ஈஎஸ்எல் இம்பாக்ட் லீகை, கட்டுப்படியாகலைன்னு 2025-ஓட நிறுத்திட்டாங்க. அதுல ஆடினவங்களுக்கு ஒரே அறிவிப்புல மழைக்காலம் வந்துடுச்சு. அதனால தனி லீக் இருந்தா போதும்னு நான் சொல்லல. அது இருக்கிறப்பவே பொது டீம்களோட ஸ்க்ரிம் ஆடப் பழகியிருக்கணும். இல்லைன்னா லீக் மூடின அன்னைக்கு எல்லாம் பூஜ்யத்துல இருந்து.

பசங்களே, இப்போ உங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை. மைக்.

என்னோட கேம் ஐடி ஒரு பையன் பேர் மாதிரி இருக்கும். நான் மட்டும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுங்க பல பேர் அப்படித்தான். ரேண்டம் லாபியில மைக்கை ஆன் பண்ணி "ரெண்டு பேர் பி சைட்"னு ஒரு கால் கொடுத்தா, அடுத்த முப்பது செகண்டுல என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். "ஏய் பொண்ணுடா." அப்புறம் இன்ஸ்டா ஐடி கேப்பாங்க. கொடுக்கலைன்னா வாயில வர்றதெல்லாம். தோத்தா காரணம் நான்தான். ஜெயிச்சா எவனோ ஒருத்தன் என்னை இழுத்துட்டுப் போனானாம். அதனால மைக்கை மியூட் பண்ணிட்டு ஆடறோம். வேலரண்ட்ல மியூட்ல ஆடுறதுங்கிறது ஒரு கையைக் கட்டிக்கிட்டு ஆடுற மாதிரி. பேச முடியாதவளால டீம் லீடர் ஆக முடியாது, கால் எடுக்க முடியாது. அப்புறம் "பொண்ணுங்க சைலன்ட் ப்ளேயர்ஸ்"னு ஒரு பேர். நீங்க திட்டாம இருந்திருக்கலாம். நாலு பேர் இருக்கிற லாபியில ஒருத்தன் திட்டுறப்போ மத்த மூணு பேர் சிரிச்சதும் எங்களுக்குக் கேக்கும்.

எல்லாப் பொண்ணும் ப்ரோ ஆகிடுவாங்கன்னு நான் சொல்லவே இல்ல. பசங்கள்லயே எத்தனை பேர் ஆகறாங்க? நம்ம பேட்ச்ல ரெண்டு பேர் ஒரு செமஸ்டரையே ஸ்க்ரிமுக்குக் கொடுத்துட்டு, ஓப்பன் குவாலிஃபயர்ல முதல் ரவுண்டுலயே வெளிய வந்தாங்க. அரியர் எழுதினாங்க, இப்போ ப்ளேஸ்மென்ட்டுக்குத் தயார் ஆகறாங்க. யாரும் அவங்களை ஒதுக்கல. "ட்ரை பண்ணான்டா"ன்னு மரியாதையாத்தான் பேசறோம். அந்தத் தோல்வி கூட எங்களுக்குக் கிடைக்கல. ஆடித் தோக்கிறதுக்கு மொதல்ல ஆடணுமே.

அதனால கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம கேமிங் கிளப் டீம் லேப்ல ப்ராக்டிஸ் ஆரம்பிக்கிறது ஏழு மணிக்கு. கேர்ள்ஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு. பாய்ஸ் ஹாஸ்டல் ஒன்பது. இந்த மூணு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு, இதுக்கப்புறம் இன்ட்ரெஸ்ட் பத்திப் பேசுங்க. கேட் நேரத்தை மொத்தமா மாத்தணும்னு எழுதினா இந்தப் பத்திரிகையோட ஃபேகல்டி அட்வைசர் அந்தப் பத்தியையே எடுத்துடுவார்னு தெரியும். (சார், படிச்சிட்டு இருக்கீங்கன்னா வணக்கம்.) அதனால ஏற்கனவே இருக்கிற ஒரு வழியைச் சொல்றேன். கல்ச்சுரல்ஸ் வந்தா டான்ஸ் டீமுக்கு ஒன்பது மணி வரைக்கும் லேட் பர்மிஷன் தர்றாங்க இல்லையா? ஒரு பேப்பர்ல பேர், ரோல் நம்பர், ரூம் நம்பர், எந்தெந்த நாள், பொறுப்பெடுக்கிற ஸ்டாஃப் கையெழுத்து. அவ்வளவுதான். வார்டன் மேம் அதைப் பார்த்து கேட்ல கொடுத்துடுவாங்க, திரும்பி வர்றப்போ செக்யூரிட்டி அண்ணன் கூடவே வருவார். அதே பேப்பர். 'டான்ஸ்'ங்கிற இடத்துல 'ஈஸ்போர்ட்ஸ்'. வாரத்துக்கு மூணு நாள்.

கூடவே ரெண்டு விஷயம். சிம்போசியத்துல பொண்ணுங்களுக்குன்னு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஃபன் கேம் வெச்சு சாக்லேட் கொடுக்கிறதை நிறுத்திட்டு, அதே மெயின் ஸ்டேஜ்ல, அதே பரிசுத் தொகையில ஒரு பெண்கள் பிரிவு வைங்க. பொதுப் பிரிவிலும் நாங்க பேர் கொடுப்போம். அப்புறம், வாய்ஸ் சாட்டுல யாராவது அசிங்கமா பேசினா அந்த டீமே வெளிய போகணும்னு ரூல் புக்ல ஒரு வரி. ஒருத்தனை மட்டும் வெளிய அனுப்பினா மத்தவங்க சிரிப்பு நிக்காது.

ஸ்டாஃப் கையெழுத்துக்கு எங்க டிபார்ட்மென்ட் மேம் ஒருத்தங்க சரின்னு சொல்லிட்டாங்க. வேலரண்ட்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது; "எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. லிஸ்ட் கேர்ள்ஸ் ஹாஸ்டல் ரெண்டாவது மாடி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, பேனாவும் கட்டித் தொங்க விட்டிருக்கேன். இப்போதைக்கு நாலு பேர் இருக்கோம். டீமுக்கு அஞ்சு பேர் வேணும். சேஜ் எடுக்கத் தெரியாதவங்களா இருந்தா ரொம்ப நல்லது.